மாமிக்குக் கோப்பிக்கொட்டை தேடி லுணுகலைக்கு

வீட்டில் வறுத்து இடித்துப் போட்டுக் குடிக்க நல்ல கோப்பிக்கொட்டை எங்கே கிடைக்கும் என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். மலைப்பக்கம் போங்கள், அந்த வருஷத்துக் கொட்டையை, அதை ஆய்ந்து காயவைத்த ஆளின் கையாலேயே வாங்குங்கள். ஆனால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை என்பது இந்தப் பக்கத்துக்கு அடிக்கடி வருபவர்களுக்குத் தெரியும். ஆகவே 1980இல் நான் சாய்ந்தமருதில் இருந்து லுணுகலைக்குக் கோப்பிக்கொட்டை தேடிப் போன பயணத்தை எழுதுகிறேன். பாதை இன்றும் ஏறக்குறைய அதேதான். நான் சொல்லப்போகும் பஸ் காசை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

என் சொந்த ஊர் நிந்தவூர். எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அப்படித்தான் நானும் ஒரு பெட்டியோடு சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்தேன். நான்கு மைல் தூரம்தான். ஆனாலும் முதல் மாதம் முழுக்க யாரோ வீட்டு விருந்தாளி மாதிரித்தான் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். பகலில் கல்முனை பஜாரில் ஒரு புடவைக் கடையில் வேலை. மாலையில் வீடு. மனைவி ரஹீமா, மாமா, மாமி, நான் என்று நாலு பேர்.

மாமாவிடம் ஒரு லொறி இருந்தது. இங்கிருந்து அரிசியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போவார், மரக்கறியோடு திரும்புவார். வருகிறபோது மாமிக்கென்று கோப்பிக்கொட்டை கொண்டுவருவார். மாமி அதை அவ்வப்போது வறுத்து இடித்துக்கொள்வார். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் இருவரும் குசினியில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கோப்பை வெறுங்கோப்பி, ஒரு கடி பனங்கட்டி. நான் எழும்பி வரும் நேரம் அந்த வாசம் முற்றம் வரைக்கும் நிற்கும். பகல் முழுக்க இருவரும் பேசிக்கொள்வது குறைவு. அந்தக் கோப்பி நேரத்தில் மட்டும் மாமியின் சிரிப்பு கேட்கும்.

அந்த 1980 தை மாதத் தொடக்கத்தில் மாமா திடீரென்று மௌத்தாகிவிட்டார். மாமி இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருக்கிற காலம் அது. வீட்டில் இருந்த கோப்பிக்கொட்டை ஒரு மாதத்தில் முடிந்தது. அதோடு மாமியின் காலைச் சாப்பாடும் நின்றது. பிறகு பகல் சாப்பாடும் ஒரு பிடியாகக் குறைந்தது. டாக்டர் வந்து பார்த்தார். வருத்தம் ஒன்றும் இல்லை, சாப்பிடத்தான் வேண்டும் என்றார். அது எங்களுக்கும் தெரிந்ததுதான்.

நான் கல்முனைச் சந்தையில் இருந்த நல்ல கடையில் தூள் வாங்கி வந்தேன். ரஹீமா போட்டுக் கொடுத்தாள். கோப்பை நிறையவே திரும்பி வந்தது. பாண்டிருப்பில் இருந்து என்னோடு வேலை செய்த நண்பர் தன் வீட்டில் மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்த்து இடித்த தூளைக் கொண்டுவந்து தந்தார். அதுவும் அப்படியே திரும்பியது. கண்டியில் இருந்து ஒருவர் மூலம் எடுப்பித்த முதல் தரத் தூளுக்கும் அதே கதிதான். ஒவ்வொரு தரமும் மாமி ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு."

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, ரஹீமாவிடம் சொன்னார். இங்கே ஒன்றை விளக்க வேண்டும். மார்க்கப்படி மாமி மருமகனுக்கு முன்னால் வரலாம், பேசலாம், எந்தத் தடையும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து வழக்கத்தில் மாமிமார் மருமகனோடு நேருக்கு நேர் கதைக்க மாட்டார்கள். முந்தானையை இழுத்துவிட்டுக் கொண்டு கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "மருமகன் சாப்பிட்டாரா எண்டு கேளு மகள்" என்று மகளிடம் சொல்வார்கள். ஒன்றரை வருஷம் அந்த வீட்டில் நான் மாமியின் குரலைக் கதவு வழியாகத்தான் கேட்டிருந்தேன். எனக்குப் பிடித்த கறி எல்லாம் அவருக்குத் தெரியும். மீனில் நடுத்துண்டு எப்போதும் என் பீங்கானில்தான் இருக்கும். ஆனால் ஒரு சொல் நேரில் கிடையாது.

ஒரு நாள் ரஹீமா அழுதுவிட்டாள். "உம்மா கரைஞ்சி போறா. எனக்குப் பயமா இருக்கு. வாப்பா எங்க அந்தக் கொட்டைய எடுத்தார் எண்டு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். வாப்பாவை இழந்து இரண்டு மாதமும் ஆகாத பிள்ளை, உம்மாவையும் இழந்துவிடுவேனோ என்று பயப்படுகிறாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

மாமாவின் லொறி அதற்குள் கைமாறிவிட்டிருந்தது. அதை ஓட்டிய லத்தீப் காக்காவைத் தேடிப் பிடித்தேன். காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.

"லுணுகலை டவுனைத் தாண்டி ரெண்டு மைல் போகணும். வளைவில ஒரு சின்னக் கோயில் வரும். அதில இறங்கி மாரிமுத்துட வீடு எது எண்டு கேளுங்க," என்றார். "கொட்டைய மாமாவே கட்டித் தன்ட காலுக்குள்ள வச்சிக்கொண்டுதான் வருவார். எங்கட கையில தரவே மாட்டார், மனிசன். ஒண்டு சொல்றன், வெறுங்கையோட மட்டும் போயிராதீங்க. கருவாடு இல்லாம அந்தப் படியில மாமா ஒரு நாளும் ஏறினதில்ல."

கருவாடு கொண்டுபோவது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. இந்தக் கரையில் இருந்து மலைக்குப் போகிற எவரும் கருவாடு இல்லாமல் போவதில்லை. கடற்கரையில் நல்ல கட்டா மீன் கருவாடாகப் பார்த்து வாங்கி, ஒரு சாக்கில் கட்டிக்கொண்டேன்.

அது மாசி கடைசி, வயல் அறுவடை முடியும் தறுவாய். விடியற்காலை ஐந்தரைக்குக் கல்முனையில் இருந்து அம்பாறை பஸ் புறப்பட்டது. காரைதீவில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால், அம்பாறை வரைக்கும் இரண்டு பக்கமும் வயல்தான். சில வயல்களில் வைக்கோல், சிலவற்றில் இன்னும் வெட்டாத கதிர். பதினாறு மைல் சொச்சம் போனதே தெரியவில்லை. அம்பாறையில் பதுளைக்குப் போகும் பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். அங்கே ஒரு கோப்பியும் குடித்தேன். அதைப் பற்றி எழுதாமல் விடுவதே நல்லது.

அம்பாறையில் இருந்து உகணை, மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை, பிறகு லுணுகலை. கல்முனையில் இருந்து எல்லாம் சேர்த்துத் தொண்ணூறு மைலுக்குக் கிட்ட வரும். இரண்டு பஸ்ஸுக்குமாக ஒரு வழிக்குப் பதினைந்து ரூபாவுக்குள் முடிந்தது. மகாஓயாவில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. நேரம் உள்ளவர்கள் இறங்கிப் பாருங்கள், நான் இறங்கவில்லை. பிபிலையில் பஸ் சற்று நேரம் நிற்கும். அங்கே தோடம்பழம் என்கிற ஆரஞ்சு வாங்காமல் வருபவர்களுக்கு நாக்கு என்று ஒன்று இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். தோல் பச்சையாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், உள்ளே தேன்.

பிபிலை தாண்டியதும் பஸ் ஏறத் தொடங்கும். காற்று குளிரும். தட்டை நிலத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். வளைவுக்கு வளைவு முன்சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார். மனம் முழுக்க ஒரே யோசனைதான். அந்த மாரிமுத்து வீட்டில் கொட்டை இல்லையென்றால் ரஹீமாவுக்கு என்ன பதில் சொல்வது?

நண்பகல் தாண்டி அந்த வளைவில் இறங்கினேன். கோயிலுக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதை மேலே ஏறியது. கருவாட்டுச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க ஏறினேன். சின்ன வீடு. சுற்றிவரக் கோப்பிச் செடிகள். மாரிமுத்துவும் அவர் மனைவி செல்லம்மாவும் வாசலில் நின்றார்கள். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். அன்று அவர்களுக்கு அரைநாள்.

நான் யார் என்று சொல்லும் முன்னமே செல்லம்மா சாக்கைப் பார்த்துவிட்டார். "லொறி நானா வீட்டுல இருந்து வர்றீங்களா தம்பி? லொறிய காணோமேன்னு தெனமும் ரோட்டையே பார்த்துக்கிட்டு இருக்கோம். நானாவுக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா?"

லொறி நானா, அதாவது லொறி அண்ணன், என்றது மாமாவை. கொட்டையைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தவனுக்கு, இந்த வீட்டுக்கு மௌத்துச் செய்தியைக் கொண்டுவருகிறவனும் நான்தான் என்பது அந்த நேரத்தில்தான் உறைத்தது. சொன்னேன். செல்லம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதார். மாரிமுத்து சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். மாமா மௌத்தான அன்று ஆட்களைக் கவனிக்கிற அவசரத்தில் எனக்கு அழ நேரம் இருக்கவில்லை. தொண்ணூறு மைல் தள்ளி, முன்பின் பார்த்திராத இரண்டு பேரோடு உட்கார்ந்துதான் என் மாமாவுக்காக அழுது முடித்தேன்.

கொஞ்சம் ஆறிய பிறகு செல்லம்மா உள்ளே போய் ஒரு பானையை எடுத்துவந்தார். "இது அக்காவுக்குன்னு எடுத்து வெச்சது. புதுக் காய். யாருக்கும் குடுக்கல," என்றார். மாமியை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. மாமா சொல்லித்தான் அந்த அக்காவைத் தெரியும்.

கொட்டை பார்க்கிற விதத்தை அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். சிவந்து பழுத்ததை மட்டும் ஆய்ந்திருக்க வேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் தடம் விழக்கூடாது, விழுந்தால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம். கையில் அள்ளி முகர்ந்தால் காய்ந்த புல் மணக்க வேண்டும். அந்தக் கொட்டை அப்படித்தான் மணந்தது. எட்டு இறாத்தல் இருந்தது. இறாத்தல் பன்னிரண்டு ரூபா என்று நான் நீட்டியதை அவர்கள் வாங்க மறுக்க, நான் வற்புறுத்த, ஒருவழியாக வாங்கிக்கொண்டார்கள்.

"வேற பை கொண்டாந்திருக்கீங்களா தம்பி?" என்று மாரிமுத்து கேட்டார்.

நான் கொண்டுவரவில்லை. கருவாட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாக்கை உட்புறம் வெளியாகத் திருப்பி, நாலு உதறு உதறி, மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. "இது போதும்" என்றேன். மாரிமுத்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மரியாதைக்கோ என்னவோ, சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். கொட்டை முழுவதும் அந்தச் சாக்குக்குள் போனது.

அன்று லுணுகலை டவுனில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கடையில் தங்கிவிட்டு, மறுநாள் காலை பஸ் ஏறினேன். சாக்கை மாமாவைப் போலவே காலுக்கிடையில் வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷம் போகவில்லை. முன்சீட்டில் இருந்த பெண் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். அடுத்த சீட்டும் திரும்பிப் பார்த்தது. கொண்டக்டர் வந்து நின்றார்.

"காக்கா, கருவாட்டுச் சாக்கைப் பின்னால கொண்டு போய் வைங்க."

"கருவாடு இல்ல, கோப்பி," என்றேன்.

அவர் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு பஸ் முழுவதற்கும் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பஸ்ஸே சிரித்தது.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கருவாடு காய்கிற காற்றில் பிறந்து வளர்ந்த மூக்குக்குக் கருவாட்டு வாடை எங்கே தெரியப் போகிறது? எங்கள் ஊர் ஆட்கள் நூறு பேரைக் கூப்பிட்டு அந்தச் சாக்கை முகரச் சொல்லியிருந்தாலும் நூறு பேரும் சுத்தமான சாக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். கண்டித் தூளையே திருப்பி அனுப்பிய மாமிக்கு, கருவாட்டுக் கோப்பி கொண்டுபோகிறேன். அவமானத்தை விடத் துக்கம்தான் பெரிதாக இருந்தது. புதுக் கொட்டை அடுத்த வருஷம்தான். மாமி அதுவரைக்கும் இப்படியே இருந்தால்? பிபிலையில் பஸ் நின்றபோது தோடம்பழம் வாங்கக்கூட நான் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து ரஹீமாவிடம் இரகசியமாகச் சொன்னேன். "உம்மாக்குத் தெரிய வேணாம், கழுவிக் காய வைப்பம்" என்றாள். கழுவினோம். முற்றத்தில் பாய் விரித்துப் பரப்பினோம். கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருவில் இருந்த காகம் எல்லாம் கூரையில் வந்து கூடிவிட்டன. ஒவ்வொன்றாக இறங்கி, ஒரு கொட்டையைக் கொத்திப் பார்த்து, என்னைத் திட்டிவிட்டுப் பறந்தன. மாமியின் அறை ஜன்னல் முற்றத்தைப் பார்த்துத்தான் இருந்தது. நான் ஒரு கம்போடு நின்று காகம் விரட்டிக்கொண்டே, ஜன்னல் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் காலை ரஹீமா தாச்சியை அடுப்பில் வைத்து ஒரு பிடி கொட்டையைப் போட்டாள். நான் குசினிக்கு வெளியே நின்றேன். முதலில் புல் கருகுகிற மணம். பிறகு பேக்கரியில் பாண் சுடுகிற மணம். பிறகு கொட்டை வெடித்து எண்ணெய் கசிந்தபோது, அந்த மணங்களுக்கு அடியில் இருந்து, என் மூக்குக்கே தெரிகிற மாதிரி, மெல்லிசாக ஒரு கடல் வாடை கிளம்பியது. முடிந்தது என்று நினைத்தேன்.

உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. மாமி. கோப்பி தீர்ந்த நாளில் இருந்து குசினிப் பக்கமே வராத மாமி, வெள்ளைச் சேலையோடு வந்து ரஹீமாவின் கையில் இருந்த அகப்பையை வாங்கினார். அடுப்பைத் தணித்தார். கிண்டினார். நிறம் வந்ததும் இறக்கினார். அவரே உரலில் இடித்தார். இடிக்கிற சத்தம் சீராக வந்தது. ரஹீமா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

பிறகு நடந்ததை நான் எழுபது வயதிலும் மறக்கவில்லை. குசினி வாசலுக்கு ஒரு கோப்பை வந்தது. அதைப் பிடித்திருந்தது ரஹீமாவின் கை இல்லை.

"மகன், கோப்பி குடிங்க."

நான் இரண்டு கையாலும் வாங்கினேன். "மாமி, நான்தான் சாக்கை..." என்று தொடங்கினேன்.

"ஓம் மகன், தெரியும்," என்றார் மாமி. முந்தானை நெற்றி வரைக்கும் இருந்தது. குரலில் அழுகையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. "அவரும் கருவாட்டுச் சாக்குலதான் கொண்டு வருவார். கலியாணம் முடிச்ச காலத்தில எவ்வளவு ஏசியிருப்பன், கேட்கவே மாட்டார். பிறகு அது இல்லாத கோப்பி எனக்கு இறங்கவே இல்ல. கடைத்தூள் எல்லாம் நல்லாத்தான் இருந்த. அவர்ட வாசம் இல்ல. அத நான் எப்படி வாயத் துறந்து சொல்ற?"

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், மாமா வழமையாக உட்கார்ந்த பலகைக்குப் பக்கத்தில் தன் பலகையைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கடி பனங்கட்டியோடு தன் கோப்பையைக் குடித்தார். ரஹீமா வெறும் கோப்பையை வெளியே கொண்டுவந்து எனக்குக் கவிழ்த்துக் காட்டினாள். அன்று காலை மாமி இரண்டு இடியப்பம் சாப்பிட்டார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. புதுக் கொட்டைக்கு மாசி, பங்குனி நல்ல காலம். குளிருக்கு ஒரு சால்வை எடுங்கள். அதிகமாக வாங்கிச் சேர்க்காதீர்கள். பச்சைக் கொட்டை பல மாதம் இருக்கும், வறுத்தது ஒரு கிழமை, இடித்தது இரண்டு மூன்று நாள்தான். தாச்சி சூடாகட்டும், தீ மெல்லிசாக இருக்கட்டும், கை ஓயக்கூடாது. கொட்டையை ஒரு போதும் வாடையுள்ள சாக்கில் போடாதீர்கள், வெளுத்த புதுத் துணிப்பைதான் சரி. இது செல்லம்மா எனக்கு அடுத்த வருஷம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்ன புத்தி.

கேட்டுக்கொண்டேன். ஆனால் மாமி இருக்கும் வரைக்கும் கட்டாக் கருவாட்டைக் கொண்டுபோன சாக்கிலேயேதான் அவருடைய கொட்டையைக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் பின்சீட்டில் உட்காரப் பழகிக்கொண்டேன். சில வருஷங்களில் மாமியும் போய்ச் சேர்ந்தார். அந்த வருஷம் முதல் தடவையாக, செல்லம்மா சொன்னபடி, புதுத் துணிப்பையில் கொட்டை வந்தது. பார்க்கவே அழகாக இருந்தது. ரஹீமா வறுத்து, இடித்து, போட்டுக் கொண்டுவந்தாள். காய்ந்த புல், பாண், தேன் எல்லாம் மணக்கிற கோப்பி. என் ஆயுளில் நான் குடித்த மிக நல்ல கோப்பி அதுதான்.

ரஹீமா ஒரு வாய் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

நான் எழும்பிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கருவாட்டுச் சாக்கு வாங்கக் கடற்கரைக்குப் போனேன்.